ஆயத்த நிலைக்கு ஒரு விலை: படைத்தளவாடப் பராமரிப்பில் அரசும் தனியாரும்

ஒரு நாட்டின் படைபலம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை போர் விமானங்கள், எத்தனை டாங்கிகள், எத்தனை கப்பல்கள் என்ற எண்ணிக்கையே முன்வைக்கப்படுகிறது. அவற்றுள் எத்தனை, இன்று உத்தரவு வந்தால் இன்றே புறப்படக்கூடியவை என்ற கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. இந்த இரண்டாவது எண்ணை ஆயத்த விகிதம் எனலாம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானங்களின் அணியொன்று நிறுவப்பட்டது தமிழ்நாட்டில் பெருமையோடு பேசப்பட்டது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நாடு முழுவதும் இருந்த அதே வகை விமானங்களில் ஏறத்தாழப் பாதிதான் பறக்கும் நிலையில் இருந்தன என்பதை அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கரே பொதுவெளியில் ஒப்புக்கொண்டிருந்தார். இரண்டு விமானங்களுக்குப் பணம் கொடுத்த நாட்டுக்கு ஒன்றுதான் உதவியது என்பதே இதன் பொருள். எஞ்சிய பாதி உதிரிபாகத்துக்காகவோ, பணிமனையில் இடத்துக்காகவோ, பழுதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களுக்காகவோ காத்து நின்றது. இந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்கு அரசுப் பணிமனைகள் மட்டும் போதுமா, தனியார் நிறுவனங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா, சேர்த்துக்கொண்டால் எந்த அளவுக்கு என்பது கடந்த இருபதாண்டுகளாகப் பல நாடுகளிலும் நடந்துவரும் விவாதமாகும்.

படைத்தளவாடப் பராமரிப்பு என்பது ஒரே வேலையன்று. படைப்பிரிவில் உள்ள வீரர்களே அன்றாடம் செய்யும் எண்ணெய் மாற்றுதல், சோதித்தல், சிறு பழுது நீக்குதல் ஆகியவை முதல் நிலை. களத்துக்குச் சற்றுப் பின்னால் அமைந்த பணிமனைகளில் எஞ்சினையோ கருவித்தொகுதியையோ கழற்றி மாற்றுவது இரண்டாம் நிலை. வண்டியையோ விமானத்தையோ எலும்புக்கூடு வரை பிரித்து, விரிசல் உண்டா, அரிப்பு உண்டா என்று பார்த்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடியும் பூட்டி, புதியதற்கு இணையான நிலைக்குக் கொண்டுவரும் ஓவர்ஹால் எனப்படும் முழுச் சீரமைப்பு மூன்றாம் நிலை. தரைப்படையில் இந்தப் பணிகளுக்கென்றே 1943இல் உருவாக்கப்பட்ட ஈ.எம்.ஈ. என்னும் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவு இருக்கிறது, விமானப்படைக்குக் கோவை அருகே சூலூரில் இருப்பதைப் போன்ற பழுதுநீக்கத் தளங்கள் உள்ளன, டாங்கிகளுக்கு ஆவடித் தொழிற்சாலை. முதல் நிலைப் பராமரிப்பைத் தனியாரிடம் கொடுக்க நாடுகள் பொதுவாக விரும்புவதில்லை, ஏனெனில் குண்டு விழும் இடத்துக்குப் போ என்று நிறுவன ஊழியருக்கு உத்தரவிட எந்தத் தளபதிக்கும் அதிகாரமில்லை. ஆகவே விவாதம் பெரும்பாலும் மூன்றாம் நிலையைப் பற்றியது. இரண்டாம் நிலையில் ஓரளவு.

இந்த விவாதத்தின் உட்பொருளைப் புரிந்துகொள்வதற்குத் தென்காசி வட்டாரத்து வாசகர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் அதே மாதங்களில், செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, சுரண்டை, ஊத்துமலை, ஆலங்குளம் பகுதிகளில் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஓர் ஆண்டின் மின்னுற்பத்தியில் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. ஆடி மாதத்தில் கியர்பாக்ஸ் பழுதாகி நிற்கும் காற்றாலையை மார்கழியில் சரிசெய்து கொடுத்தால் உரிமையாளருக்கு அதனால் பயனில்லை. ஆகையால்தான் காற்றாலை உரிமையாளர்கள், பழுதானபோது ஆளை அழைத்துக் கூலி கொடுக்கும் முறையோடு நில்லாமல், ஆண்டின் மொத்த நேரத்தில் இத்தனை விழுக்காடு, பெரும்பாலும் 95 விழுக்காடு, இயந்திரம் சுழலத்தக்க நிலையில் இருக்க வேண்டும், குறைந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று பராமரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். மின்தொகுப்பு இணைப்பு இல்லாமல் நின்ற நேரத்தை யார் கணக்கில் எழுதுவது, காற்றில்லாத மாதத்தில் செய்த பராமரிப்பு நேரத்தைக் கழிக்கலாமா, பழுதின் காரணம் இயந்திரத்தின் குறையா உரிமையாளரின் அலட்சியமா என்பன போன்ற சச்சரவுகள் அந்த ஒப்பந்தங்களில் இயல்பாக எழுகின்றன. படைத்தளவாடங்களுக்கு இப்போது உலகெங்கும் எழுதப்படும் ஒப்பந்தங்களின் கருவும் இதுதான், சச்சரவுகளும் இவையேதான்.

இவ்வகை ஒப்பந்தத்துக்குச் செயல்திறன் சார்ந்த பராமரிப்பு ஒப்பந்தம் என்று பெயர். பழைய முறையில் நிறுவனம் ஒவ்வொரு பழுதுக்கும், ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் தனித்தனியே பணம் பெறுகிறது. இயந்திரம் அடிக்கடி கெட்டுப்போவது அதற்கு வருமானம். புதிய முறையில் இயந்திரம் ஆயத்தமாக நிற்கும் நேரத்துக்கே பணம் என்பதால், கெட்டுப்போவது நிறுவனத்துக்கும் நட்டம். படையின் நலனையும் நிறுவனத்தின் இலாபத்தையும் ஒரே திசையில் திருப்பிவிடும் இந்த எளிய மாற்றம்தான் முழு விஷயத்திலும் மிக முக்கியமானது என்று கருத இடமிருக்கிறது. இதன் வித்து விமான எஞ்சின் தொழிலில் 1962இல் ஊன்றப்பட்டது: பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம், தனது வைப்பர் எஞ்சினுக்கு, பறந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு, பராமரிப்புப் பொறுப்பு முழுவதையும் தானே ஏற்றது. பின்னாளில் அதே பிரிட்டன், 2006இல், டொர்னேடோ போர் விமானங்களின் ஆயத்த நிலைக்குப் பொறுப்பேற்கும் பத்தாண்டு ஒப்பந்தத்தைப் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு செய்தபோது, மார்ஹாம் விமானத் தளத்தில் படையினரும் நிறுவன ஊழியரும் ஒரே கொட்டகையில் வேலை செய்யலாயினர். இந்தியா 2016 செப்டம்பரில் 36 ரஃபேல் விமானங்களை வாங்க ஒப்பந்தமிட்டபோது, அவற்றில் குறைந்தது 75 விழுக்காடு ஆயத்தமாக இருப்பதற்கான பொறுப்பைத் தயாரிப்பாளரான தசோ நிறுவனத்தின்மேல் வைத்தது. சுகோய் விமானங்களில் பட்ட அனுபவம் இந்த நிபந்தனைக்குப் பின்னால் இருப்பதை ஊகிப்பது கடினமன்று. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புக் கொள்முதல் நெறிமுறை, இத்தகைய ஒப்பந்தங்களை விதிவிலக்காகக் கருதாமல் முறையான ஒரு வழியாகவே ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று ஒசூர். அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் 2013 முதல் பி-8ஐ என்னும் கடல்சார் கண்காணிப்பு விமானங்கள் இயங்கிவருகின்றன. நீருக்கடியில் செல்லும் நீர்மூழ்கிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதும் தேவையானால் தாக்குவதும் இவற்றின் பணி. போயிங் நிறுவனத்திடமிருந்து முதலில் எட்டும் பின்னர் நான்குமாக இந்தியா வாங்கிய இந்தப் பன்னிரண்டு விமானங்களின் பெரும் பராமரிப்புச் சோதனைகள், ஒசூரில் உள்ள ஏர் வொர்க்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் கொட்டகையில் நடைபெறத் தொடங்கின. ஒரே நேரத்தில் மூன்று விமானங்கள் அங்கே பிரிக்கப்பட்டு நின்றதும் உண்டு. இரகசியக் கருவிகள் நிறைந்த ஒரு போர் விமானத்தை, பயணிகள் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்திடம் எப்படி ஒப்படைக்க முடிந்தது என்ற கேள்வி நியாயமானது. பி-8ஐ விமானத்தின் உடற்கூடு, உலகெங்கும் பயணிகளைச் சுமக்கும் போயிங் 737 விமானத்தின் உடன்பிறப்பு என்பதே விடை. அதன் இறக்கையில் எங்கே விரிசல் விடும், இறங்குசக்கரத் தொகுதியை எத்தனை முறை இறங்கிய பின் மாற்ற வேண்டும், எந்தத் தகட்டின் அடியில் ஈரம் தங்கி அரிக்கும் என்பதெல்லாம் பல்லாயிரம் பயணிகள் விமானங்களின் வாயிலாக அத்துறையினருக்கு ஏற்கெனவே தெரியும். போர்க்கருவிகளின் பொறுப்பு கடற்படையிடம் இருக்க, உடற்கூட்டின் பொறுப்பு அதை நன்கறிந்த கைகளுக்குச் செல்கிறது. அரக்கோணத்திலிருந்து ஒசூர் சாலைவழியே சில மணி நேரத் தொலைவு. விமானத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலையோடு ஒப்பிட்டால் இதன் பயன் விளங்கும்.

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலும் இதே தர்க்கம்தான். லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம், தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவைச் சிறு பங்காளியாகக் கொண்டு அமைத்த கப்பல் தளத்துக்கு, 2022 ஆகஸ்ட் 7 அன்று சார்ல்ஸ் ட்ரூ என்ற அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் பழுதுநீக்கத்துக்காக வந்தது; அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டு மேத்யூ பெர்ரி என்ற கப்பலும் வந்தது, 2023 ஜூலையில் அந்தத் தளத்துக்கும் அமெரிக்கக் கடற்படைக்கும் இடையே ஐந்தாண்டுப் பழுதுநீக்க உடன்படிக்கையும் கையெழுத்தானது. இவை ஏவுகணை தாங்கிய போர்க்கப்பல்கள் அல்ல. மற்றக் கப்பல்களுக்கு உணவும் எரிபொருளும் வெடிமருந்தும் கொண்டுசெல்லும், பெரும்பாலும் குடிமக்களே மாலுமிகளாக இருக்கும் துணைக்கப்பல்கள். தளவாடம் எந்த அளவுக்குக் குடிமைத் தொழிலின் இயந்திரத்தோடு உறவுடையதோ, அந்த அளவுக்கு அதன் பராமரிப்பில் தனியாரைச் சேர்ப்பது எளிது என்ற ஒரு பொதுவிதியை இவ்விரு நிகழ்வுகளிலிருந்தும் பெறலாம். அந்த உறவு அறுந்துவிடும் இடத்தில் கணக்கு மாறிவிடுகிறது.

ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை அத்தகைய இடம். 1961இல் நிறுவப்பட்டு, 1965இல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய இத்தொழிற்சாலை, பிறகு டி-72, டி-90, அர்ஜுன் ஆகியவற்றைக் கட்டியதோடு, பழைய டாங்கிகளைப் பிரித்துச் சீரமைத்தும் வருகிறது. டாங்கியின் குழலுக்கோ, வார்த்தெடுத்த கவசத்துக்கோ சந்தையில் வேறு வாடிக்கையாளர் கிடையாது. ஆகவே அவற்றைச் சீரமைக்கும் திறனைத் தன் செலவில் வளர்த்துக்கொள்ள எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் வணிகக் காரணம் இல்லை, அரசு பலவாண்டுகளுக்கு வேலையை உறுதிப்படுத்தினாலன்றி. 2021 அக்டோபர் 1 அன்று, நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கவச வாகனங்களுக்கான நிறுவனம் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்டது. அரசுத்துறையாக இருந்தது அரசுக்குச் சொந்தமான நிறுவனமாக மாறியதைத் தனியார்மயம் எனச் சொல்ல முடியாது; ஆயினும் இனி ஒவ்வொரு சீரமைப்புக்கும் விலை சொல்ல வேண்டும், காலக்கெடு சொல்ல வேண்டும் என்ற நிலை அதனால் வந்தது.

தரைப்படையின் தளப் பணிமனைகளைப் பற்றிய திட்டம் இன்னும் தொலைவு சென்றது. தளபதி டி.பி. ஷெகாட்கர் தலைமையிலான குழு 2016 டிசம்பரில் அளித்த அறிக்கையின் பரிந்துரைகளில் 65ஐ அரசு 2017 ஆகஸ்டில் ஏற்றுக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக, பணிமனையின் நிலமும் கட்டடமும் இயந்திரங்களும் அரசுக்கே உரிமையாக இருக்க, அவற்றை இயக்கிப் பராமரிப்பு வேலை செய்யும் பொறுப்பு மட்டும் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கப்படும் கோக்கோ என்ற முறை முன்மொழியப்பட்டது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பை வேலைப் பாதுகாப்பு பற்றிய அச்சம் என்று மட்டும் ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. முப்பதாண்டுகள் ஒரே எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய பணியாளர், எந்தத் திருகாணி எந்த வெப்பத்தில் இறுகும் என்பதை எந்தக் கையேட்டிலும் எழுதி வைப்பதில்லை. அவர் ஓய்வு பெற்று, அவருடைய இடத்துக்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் அமர்ந்தால், நிலமும் கட்டடமும் அரசிடமே இருந்தும் அறிவு வெளியேறிவிடும்.

எல்லாக் கூட்டாண்மைகளிலும் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. யாருடைய ஊழியர் திருகுமுடுக்கியைப் பிடிக்கிறார் என்பது இரண்டாவது கேள்வி. வரைபடங்களும் பழுதுக் குறிப்புகளும் உதிரிபாகத்தின் தொழில்நுட்ப விவரங்களும் யாரிடம் இருக்கின்றன என்பதே முதற்கேள்வி. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தைப் பற்றி அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, அவ்வாண்டு மார்ச்சில் விமானங்களில் 55 விழுக்காடே பணிக்கு ஏற்ற நிலையில் இருந்தன என்றும், பராமரிப்பை ஒப்பந்ததாரரிடம் மிகுதியாக விட்டுவிட்டதால், தேவையான தொழில்நுட்பத் தரவுகள் படையின் கையில் இல்லை என்றும் சுட்டிக்காட்டியது. உலகிலேயே பெரிய படைச்செலவு செய்யும் அரசு, தன் சொந்த விமானத்தைத் தானே முழுமையாகப் பழுதுபார்க்க முடியாத நிலைக்கு வந்தது. இத்தனைக்கும், உயர்நிலைப் பராமரிப்புக்கான நிதியில் பாதிக்குமேல் தனியாருக்குச் செல்லக்கூடாது என்று சட்டமே வைத்திருக்கும் நாடு அது. பணத்துக்கு வரம்பு விதித்த சட்டம் அறிவுக்கு வரம்பு விதிக்கத் தவறியது.

இந்தியாவின் சொந்த வரலாற்றில் இதற்கு எதிர்மறையான சான்றும் ஆதரவான சான்றும் ஒரே பீரங்கியில் கிடைக்கின்றன. 1986இல் ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்கப்பட்டன. மறு ஆண்டே எழுந்த இலஞ்சக் குற்றச்சாட்டுகளால் அந்நிறுவனத்தோடு உறவு முறிந்தது, உதிரிபாகங்கள் வருவது தடைப்பட்டது, ஒரு பீரங்கியைப் பிரித்து அதன் பாகங்களை மற்றொன்றுக்குப் பூட்டி ஓட்ட வேண்டிய நிலை படைக்கு நேர்ந்தது. 1999 கார்கில் போரில் அந்தப் பீரங்கிகள் பெரும்பணி ஆற்றியது, பராமரிப்பாளர்களின் பெருமுயற்சிக்கும் சான்றாகும். ஆயினும் அந்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குத் தரப்பட்டிருந்த வடிவமைப்பு ஆவணங்கள் அழியவில்லை. ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்குப் பின் அவற்றை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூரில் தனுஷ் பீரங்கி உருவாக்கப்பட்டு, 2019 ஏப்ரலில் படைக்கு ஒப்படைக்கப்பட்டது. நிறுவனம் போனாலும் ஆவணம் நின்றது. அவ்வாறு நிற்காத இடத்தில் என்ன நேரும் என்பதை ஏ.என்-32 சரக்கு விமானங்கள் காட்டின: 2009இல் 105 விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனோடு செய்த ஒப்பந்தத்தில் 40 அங்கேயும் எஞ்சியவை கான்பூரிலும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்றிருக்க, 2014இல் உக்ரைனுக்கும் ரஷ்யாவுக்கும் மோதல் மூண்டதும் பாகங்கள் வரும் வழி அடைபட்டு, கான்பூர் வேலை தடுமாறியது. சுரண்டைப் பக்கத்துக் காற்றாலை உரிமையாளர் எவருக்கும் இது விளங்கும். இயந்திரம் விற்ற நிறுவனம் நொடித்துப்போனபின், கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருளைத் திறக்க ஆளின்றித் தவித்தவர்கள் தமிழ்நாட்டில் குறைவில்லை.

நிறுவனம் நொடித்துப்போகாமல் கைமாறினாலும் இதே கேள்வி எழும். ஒசூர் பராமரிப்பைச் செய்துவந்த ஏர் வொர்க்ஸ் 1951இல் தொடங்கப்பட்ட பழைய நிறுவனம்; அதன் 85.8 விழுக்காட்டுப் பங்கை வாங்க 2024 டிசம்பரில் அதானி குழுமம் உடன்பாடு செய்தது. வணிகத்தில் இது இயல்பான நிகழ்வு. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் பறக்கப்போகும் விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு, அத்தனை ஆண்டுகளில் எத்தனை முதலாளிகள் மாறினாலும், கடற்படையின் சொத்தாக, கடற்படையால் படிக்கக்கூடிய வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது. போட்டியும் தேவை. ஒரு வகை விமானத்துக்கு ஒரே பராமரிப்பாளர் என்ற நிலை வந்துவிட்டால், விலையைப் பேசும் வலிமை அரசிடமிருந்து போய்விடும்.

ஆயத்தம் என்பதற்கு வரையறை எழுதுவதிலும் அரசுக்குத் தெளிவு வேண்டும். எஞ்சின் ஓடுகிறது, ரேடார் வேலை செய்யவில்லை என்றால் அந்த விமானம் ஆயத்தமா இல்லையா? பறக்கலாம், போரிட முடியாது. ஒப்பந்தத்தில் இதைத் தெளிவாக எழுதாவிட்டால், பறக்க மட்டும் கூடிய விமானத்தையும் கணக்கில் சேர்த்து நிறுவனம் முழுக்கட்டணம் பெற்றுவிடும். விடையை எழுதவும் சரிபார்க்கவும் விமானத்தை நன்கறிந்த பொறியாளர்கள் அரசுத் தரப்பில் இருந்தாக வேண்டும். பராமரிப்பு வேலையைத் தனியாரிடம் கொடுத்துவிட்டோமே என்று அந்தப் பொறியாளர்களையும் குறைத்துவிட்ட நாடுகள் பின்னர் வருந்தின. வேலையைக் கொடுக்கலாம், வேலையை மதிப்பிடும் திறனைக் கொடுக்கக்கூடாது என்பதே இதில் எடுக்கத்தக்க நிலைப்பாடு.

அரக்கோணத்திலேயே இன்னொரு வகைக் கூட்டாண்மையும் சோதிக்கப்பட்டது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனத்திடமிருந்து இரண்டு சீ கார்டியன் ஆளில்லா விமானங்களைக் கடற்படை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தது. பராமரிப்புப் பொறுப்பு நிறுவனத்தினுடையது. 2024 செப்டம்பர் 18 அன்று அவற்றில் ஒன்று தொழில்நுட்பக் கோளாறால் சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டு மூழ்கியது. விலைக்கு வாங்கியிருந்தால் முழு இழப்பும் அரசுடையதாக இருந்திருக்கும். குத்தகையில் இழப்பின் சுமை இடம் மாறுகிறது. எல்லாத் தளவாடங்களுக்கும் இம்முறை பொருந்தாது, போர்க்காலத்தில் குத்தகைக்கு விட்டவரின் நாடு தடை விதித்தால் என்ன செய்வது என்ற ஐயம் எப்போதும் இருக்கும். எனினும் கடலோரக் கண்காணிப்பு போன்ற பணிக்கு, இடைக்கால ஏற்பாடாக இது பொருத்தமானதே.

2019 ஜனவரியில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழித்தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, கோவை, ஒசூர், சேலம், திருச்சி. மதுரைக்குத் தெற்கே ஒன்றும் இல்லை. 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியில் பெரும் தொழிற்சாலைகள் குறைவு என்பது இதற்குக் காரணமாகச் சொல்லப்படலாம். ஆனால் உற்பத்திக்கும் பராமரிப்புக்கும் தேவையான மனிதவளம் ஒன்றன்று. உற்பத்திக்கு முதலீடும் நிலமும் முதலில் வேண்டும். பராமரிப்புக்கு முதலில் வேண்டியது பயிற்சி பெற்ற கை, பொறுமை, பதிவேட்டில் பொய் எழுதாத ஒழுக்கம். எண்பது மீட்டர் உயரத்தில், பருவக்காற்று வீசும்போதே கியர்பாக்ஸின் அதிர்வை அளந்து, இறக்கையின் கண்ணாடியிழைப் பரப்பில் விரிசலைத் தட்டிப் பார்த்துக் கண்டறியும் இளைஞர்கள் ஆலங்குளத்திலும் ஊத்துமலையிலும் இருக்கிறார்கள். விமான இறக்கையின் கூட்டுப்பொருள் பரப்பைச் சோதிக்கும் வேலைக்கு இவர்கள் அந்நியர் அல்லர். படைகளின் தொழில்நுட்பப் பிரிவுகளில் பணியாற்றி, நாற்பது வயதை ஒட்டி ஓய்வு பெற்றுத் தென்மாவட்டங்களுக்குத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். குற்றாலத்தை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் சோஹோ நிறுவனத்தின் அலுவலகம், உயர்திறன் வேலைக்குப் பெருநகரம் இன்றியமையாததன்று என்பதை ஏற்கெனவே காட்டிவிட்டது.

இவர்களுக்கும் அந்த வேலைக்கும் இடையில் நிற்பது சான்றிதழ். இராணுவ விமானத்தின் எந்தப் பாகத்தைத் தொடுவதற்கும் பாதுகாப்புத் துறையின் வானூர்தித் தர உறுதி இயக்ககத்தின் ஏற்பு தேவை. குடிமை விமானங்களுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் தேவை. காற்றாலையில் பத்தாண்டு உழைத்தவரின் அனுபவத்தை இவ்விரு முறைகளும் ஒரு நாளளவுகூடக் கணக்கில் எடுப்பதில்லை. ஓய்வு பெற்ற படைத் தொழில்நுட்பரின் தகுதியும் குடிமை உரிமமாக மாறுவதற்கு நெடுங்காலம் பிடிக்கிறது. 2020 ஏப்ரலில் விமானப் பராமரிப்புப் பணிகளுக்கான சரக்கு-சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டபோது, வெளிநாட்டுக்குச் சென்றுகொண்டிருந்த வேலை நாட்டுக்குள் திரும்ப ஒரு தடை நீங்கியது. திறனை அளந்து ஏற்றுக்கொள்ளும் இணைப்புப் பயிற்சியொன்றை, திருநெல்வேலியிலோ தென்காசியிலோ ஓர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில், ஒசூர், சூலூர்ப் பணிமனைகளோடு சேர்ந்து தொடங்குவதற்கு வரிச்சலுகையைவிடக் குறைந்த பணமே தேவைப்படும். தேவையான ஆசிரியர்களில் பலர் ஓய்வூதியத்தோடு அந்த ஊர்களிலேயே வாழ்கிறார்கள்.